நோயுற்ற பதின்பருவத்தினருக்குச் சில நாவல்கள்

பன்னிரண்டு முதல் பதினெட்டு வயது வரையுள்ள பிள்ளைகள் நோயுற்றுப் படுத்திருக்கும்போது, அவர்களுக்கு எதைக் கொண்டுவருவது என்று உறவினர் தடுமாறுவதுண்டு. பொம்மைகளுக்குரிய வயது கடந்துவிட்டது. பெரியவர்களின் பேச்சில் இயல்பாகக் கலந்துகொள்ளும் வயது இன்னும் வரவில்லை. எப்போது உண்பது, எப்போது உறங்குவது, எந்தக் கையில் ஊசி போடுவது என அனைத்தையும் பிறரே முடிவுசெய்யும் நாள்கள் அவை. எந்த நூலைத் திறப்பது, எந்தப் பக்கத்தில் நிறுத்துவது என்பதையாவது அவர்களே முடிவுசெய்யட்டும். அதற்குத் துணைபுரியும் சில நூல்களை இங்கே அறிமுகம் செய்கிறோம்.

அருகிலிருந்தே தொடங்கலாம்

சமயநல்லூரிலிருந்து மதுரையைக் கடந்து தென்கிழக்கே சென்றால் கீழடி. அகழாய்வில் அங்கே கிடைத்த பானையோடுகளில் 'ஆதன்' என்னும் பெயர் பொறிக்கப்பட்டிருந்தது. உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' இக்காலச் சிறுவன் ஒருவனை அந்தத் தொன்மைக் காலத்துக்கு அழைத்துச் செல்கிறது. 2023ஆம் ஆண்டின் பால சாகித்திய புரஸ்கார் விருது பெற்ற நாவல் இது. சிறிய நூலாதலால் களைப்புற்ற பிள்ளைக்கும் ஏற்றது. உடல் தேறியபின் கீழடி அருங்காட்சியகத்துக்குச் சென்றுவரலாம் என்னும் எதிர்பார்ப்பையும் அது தரும்.

பயணமும் துணிவும் நிறைந்த கதையை விரும்புவோருக்கு ஜெயமோகனின் 'பனிமனிதன்' பொருந்தும். 'தினமணி'யின் சிறுவர்மணியில் தொடராக வந்த இந்நாவல் இமயப் பனிவெளியில் ஒரு தேடலை விவரிக்கிறது. அறிவியல் புனைவில் ஆர்வமுள்ள மூத்த பிள்ளைகள் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வை விரும்புவர். அதில் வரும் ஜீனோ என்னும் இயந்திர நாயை மறப்பது கடினம். வரலாற்றுக் கதை கேட்போருக்கு, ஐந்து பாகங்கள் கொண்ட 'பொன்னியின் செல்வ'னுக்கு முன்பாகக் கல்கியின் 'பார்த்திபன் கனவை'க் கொடுக்கலாம்.

உடலின் வரம்பும் மனத்தின் விரிவும்

பரீஸ் பொலெவோய் எழுதிய 'உண்மை மனிதனின் கதை' 1946இல் வெளிவந்த ருசிய நாவல். அலெக்சேய் மரேசியெவ் என்னும் போர்விமானியின் வாழ்வே அதன் அடிப்படை. 1942இல் விமானம் வீழ்ந்தபின் 18 நாள்கள் பனிக்காட்டில் ஊர்ந்து உயிர்பிழைத்த அவர், இரு கால்களையும் முழங்காலுக்குக் கீழே இழந்தார். செயற்கைக் கால்களுடன் பயின்று, 1943இல் மீண்டும் போர்விமானம் ஓட்டினார். நூலின் ஒரு பகுதி மருத்துவமனையில் நிகழ்கிறது. எனினும் "நீயும் இவரைப் போல் ஆகவேண்டும்" என்று சொல்லி இதைக் கொடுக்க வேண்டாம். நோயோடு போராடும் பிள்ளைக்கு அது கூடுதல் சுமை. கதையாகவே கொடுங்கள், வேண்டியதை அவர்களே எடுத்துக்கொள்வர்.

ஜப்பானிய எழுத்தாளர் டெட்சுகோ குரோயாநாகியின் 'டோட்டோ-சான்' நாவலன்று, பள்ளிப்பருவ நினைவுகள். ஆயினும் கதைபோலவே ஓடுவது. இளம்பிள்ளைவாதத்தால் பாதிக்கப்பட்ட தோழனை டோட்டோ-சான் மரத்தில் ஏற்றும் பகுதி மனத்தைத் தொடும்.

பெரியவர் முதலில் படிக்க வேண்டியவை

அதே தோழன் பின்னர் இறந்துபோகிறான் என்பதைக் கவனிப்போர் அறிந்திருக்க வேண்டும். இரா. நடராசனின் 'ஆயிஷா' கேள்வி கேட்டமைக்காகத் தண்டிக்கப்படும் மாணவியின் கதை, துயரத்தில் முடிவது. இவற்றை மறைக்க வேண்டுமென்பதில்லை. மனச்சோர்வு மிகுந்த நாள்களில் தள்ளிவைத்து, பேசுவதற்கு நீங்கள் அருகிலிருக்கும் நாளில் கொடுப்பது நலம்.

யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' 2020ஆம் ஆண்டின் பால சாகித்திய புரஸ்கார் பெற்றது. குழந்தைகள் மீதான பாலியல் அத்துமீறலைப் பக்குவமாக எடுத்துரைப்பது. படித்த பிள்ளை தனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்லத் தொடங்கினால், குறுக்கிடாமல் கேளுங்கள், நம்புங்கள், மருத்துவரிடம் தெரிவியுங்கள். 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணையும் அழைக்கலாம். இவருடைய 'துலக்கம்' ஆட்டிசம் உள்ள சிறுவனைப் பற்றியது. நோயாளியின் உடன்பிறந்தாருக்கும் அது பயன்படும்.

கவனிப்போருக்கு

ஊசி ஏற்றிய கையால் தடித்த நூலைப் பிடிக்க இயலாது. மெல்லிய நூல்களையே தேர்ந்தெடுங்கள். மருந்தின் விளைவால் எழுத்து மங்கினாலோ தலை சுற்றினாலோ நிறுத்திவிட்டுச் செவிலியரிடம் கூறுங்கள். பின்னர் நீங்கள் வாசித்துக் காட்டலாம். பதினாறு வயதுப் பிள்ளையும் கதை கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை. நோய் எதிர்ப்பாற்றல் குன்றிய பிள்ளைகளுக்குத் தூசு படிந்த பழைய நூல்களைக் கொண்டுவருமுன் சிகிச்சைப் பிரிவில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மதுரை புதுநத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் சிறுவர்க்கெனத் தனிப்பிரிவு உண்டு. நோயாளியைப் பார்க்க வரும் உறவினரில் ஒருவர் அங்கே சென்று நூல்களைப் புரட்டிப் பார்த்து வந்தால், எதை வாங்குவது என்பது எளிதாகும். இரண்டு மூன்று நூல்களைக் கட்டிலருகே வைத்துவிடுங்கள். எத்தனை பக்கம் முடிந்தது என்று மட்டும் கேட்காதீர்கள். கதையில் இப்போது என்ன நடக்கிறது என்று கேளுங்கள். நோயைத் தவிர வேறொன்றைப் பற்றி உங்களோடு பேச அப்பிள்ளைக்கும் ஆவல் இருக்கும்.