வீணாகும் வர்ணத்தை மிச்சப்படுத்துவோம்

டிராக்டர் டிரெய்லர், இரும்புக் கதவு, ஜன்னல் கிராதி, பீரோ முதலியவற்றைச் செய்யும் பட்டறைகள் இப்பொழுது கிராமங்களிலும் பெருகியுள்ளன. கரூரில் பஸ் கூடு கட்டுவோர் கையாளும் அதே ஸ்பிரே முறையில்தான் இவற்றுக்கும் வர்ணம் அடிக்கப்படுகிறது. வேலை விரைவில் முடிகிறது. பூச்சும் வழவழப்பாக அமைகிறது. ஆயின், வாங்கிய வர்ணத்தில் இரும்பின்மீது தங்குவது எவ்வளவு என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

நஷ்டக் கணக்கு

சாதாரண ஸ்பிரே கன்னிலிருந்து வெளிப்படும் வர்ணத்தில் நூற்றுக்கு 30 முதல் 40 பங்கு வரையே பெரும்பாலும் பொருளின்மீது படிகிறது. எஞ்சியது பனிபோலப் பறந்து வீணாகிறது. ஒரு டிரெய்லருக்கு 4 லிட்டர் செலவாயிற்று எனக் கொள்வோம். நூற்றுக்கு 30 பங்கு படிந்தால், இரும்பில் நின்றது 1.2 லிட்டரே. பறந்துபோன 2.8 லிட்டருக்கும் விலை கொடுப்பவர் டிரெய்லரின் சொந்தக்காரரான விவசாயியே ஆவார்.

காரணமும் பரிகாரமும்

முதற் காரணம் மிகுதியான காற்றழுத்தம். வேகமாக மோதும் துளிகள் இரும்பில் ஒட்டாமல் சிதறுகின்றன. துளி நன்கு பிரிவதற்குத் தேவையான அளவுக்கு அழுத்தத்தைக் குறைத்தல் வேண்டும். கன்னைச் சாதாரணமாக 6 முதல் 8 அங்குல தூரத்தில், அதாவது ஒரு சாணுக்குள், நேராகப் பிடித்தல் நலம். மணிக்கட்டை வளைத்து வீசினால் இரு ஓரங்களிலும் வர்ணம் வீணாகும். ஒவ்வொரு வீச்சின் முடிவிலும் விசையை விட்டுவிட வேண்டும். கம்பிகளுக்கிடையே வெளி மிகுந்த கிராதிகளுக்குத் தூரிகையே சிக்கனமானது.

புதிய கன் வாங்குவோர், மிகுந்த காற்றைக் குறைந்த அழுத்தத்தில் செலுத்தும் ‘எச்.வி.எல்.பி.’ வகையைக் கவனிக்கலாம். இதன் முனையில் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 10 பவுண்டுக்கு மேற்படாது. பயிற்சி பெற்ற கையில் நூற்றுக்கு 65 பங்கு வரை படியக்கூடும். அவ்வாறாயின், மேற்சொன்ன டிரெய்லருக்கு 2 லிட்டருக்குக் குறைவாகவே போதும். ஆனால், போதிய காற்றுத் தரும் கம்ப்ரஸர் இதற்கு அவசியம்.

சூளையில் வைக்கக்கூடிய சிறு பொருள்களுக்குப் பவுடர் பூச்சு ஏற்றது. மின்னூட்டம் பெற்ற தூள் இரும்பில் ஒட்டுகிறது, சிந்திய தூளைச் சேகரித்து மீண்டும் உபயோகிக்கலாம், தின்னரும் தேவையில்லை.

ஹார்டனர் கலக்கும் வர்ணம் சில மணி நேரத்தில் இறுகிவிடும். ஆகவே, தேவையான அளவே கலக்க வேண்டும். கன்னைக் கழுவிய தின்னரைத் தெளியவிட்டு, அடுத்த முறை முதற் கழுவலுக்குப் பயன்படுத்தலாம்.

உடல் நலமும் ஊர் நலமும்

பறக்கும் வர்ணத்தைத் தொழிலாளி சுவாசிக்கிறார். பி.யு. வர்ணத்தின் ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவை உண்டாக்க வல்லது. முகத்தில் துண்டு கட்டுவது இதற்குக் காப்பாகாது. வீட்டு வர்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேற்படலாகாது என்னும் விதி 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. தொழிற்சாலை வர்ணங்களை அவ்விதி கட்டுப்படுத்தாது. எனவே, வீணாகும் வர்ணத்தையும் தின்னரையும் சாக்கடையிலோ கிணற்றருகிலோ கொட்டலாகாது.

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் தம் ஊர்ப் பட்டறைக்காரர்களை அழைத்து இவற்றை எடுத்துரைத்தல் வேண்டும். வர்ணம் அடிக்கக் கொடுக்கும் விவசாயிகளும், எத்தனை லிட்டர் செலவாயிற்று என்று கேட்டறிய வேண்டும். கேட்கும் வழக்கம் வந்துவிட்டால் சிக்கனமும் தானே வரும். பணம் மிஞ்சும், தொழிலாளியின் மூச்சும் ஊரின் தண்ணீரும் காக்கப்படும்.