பத்து முந்திரி எத்தனை கிராம்?

கலோரிக் கணக்குப் பார்க்கும் வாடிக்கையாளருக்கு நம் தராசு செய்யக்கூடிய உதவி



மளிகைக் கடைக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள் மாறிக்கொண்டு வருகின்றன. "புதுச் சரக்கா? விலை குறையுமா?" என்று கேட்டவர்கள் இப்போது, "அண்ணாச்சி, பத்து முந்திரி எத்தனை கிராம் இருக்கும்? ஒரு ஸ்பூன் எண்ணெய் எவ்வளவு எடை?" என்று கேட்கிறார்கள். சர்க்கரை நோய், இரத்தக் கொழுப்பு, உடல் பருமன் என்று டாக்டரிடம் போனவர்கள் கையில் ஓர் உணவுப் பட்டியலுடன் திரும்புகிறார்கள். இளைஞர்களோ செல்போனில் வேளாவேளைக்குக் கலோரி எழுதி வைக்கிறார்கள்.

பல கடைகளில் இதற்கு, "அதெல்லாம் டாக்டரைக் கேளுங்கம்மா" என்றுதான் பதில் வருகிறது. எவ்வளவு சாப்பிடலாம் என்பது டாக்டர் சொல்ல வேண்டியது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரு பொருள் எத்தனை கிராம் என்று சொல்வது தராசு வைத்திருப்பவர் வேலை. கலோரிக் கணக்கு முழுவதும் எடையின் மேல்தான் நிற்கிறது. எடை தப்பினால், அதற்குப் பிறகு போடும் பெருக்கல் எல்லாம் வீண். ஆகவே நாம் இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

அடிப்படைக் கணக்கு

மாவுச்சத்து ஒரு கிராமுக்கு 4 கலோரி. புரதம் ஒரு கிராமுக்கு 4 கலோரி. கொழுப்பு ஒரு கிராமுக்கு 9 கலோரி. பேச்சு வழக்கில் நாம் கலோரி என்று சொல்வதும் பாக்கெட்டில் கிலோ கலோரி என்று அச்சிட்டிருப்பதும் ஒன்றே.

இதில் கவனிக்க வேண்டியது எண்ணெய். கடலெண்ணெய், நல்லெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் எதுவானாலும் ஒரு லிட்டர் சுமார் 910 கிராம் என்பது நமக்குத் தெரிந்ததே. எண்ணெய் முழுவதும் கொழுப்புதான். எனவே 15 மில்லி பிடிக்கும் டேபிள் ஸ்பூன் ஒன்றில் ஏறக்குறைய 14 கிராம் எண்ணெய், 120 கலோரிக்குக் கொஞ்சம் மேல். 5 மில்லி டீஸ்பூனில் 40 கலோரி. தாளில் "ஒரு ஸ்பூன்" என்று மட்டும் எழுதியிருந்தால், வீட்டில் இருப்பது எந்த ஸ்பூன் என்பதைப் பொறுத்துக் கணக்கு மூன்று மடங்கு மாறும். தாளிக்கும் குழிக்கரண்டியால் அளந்தால் கேட்கவே வேண்டாம்.

முந்திரியும் பாதாமும்

முந்திரியின் தரத்தை நாம் 180, 210, 240, 320, 450 என்று எண்ணால் சொல்லிக் கொள்முதல் செய்கிறோம். கடையில் நிற்கும் பையன்கள் பலருக்கு அந்த எண் எதைக் குறிக்கிறது என்று தெரியாது. அது ஒரு பவுண்டுக்கு, அதாவது 454 கிராமுக்கு, அதிகபட்சம் எத்தனை பருப்பு நிற்கும் என்ற கணக்கு. எண் ஏற ஏறப் பருப்பு சிறியது.

இனி வகுத்துப் பாருங்கள். 180 ரகத்தில் பத்து முந்திரி 25 கிராமுக்குக் கொஞ்சம் மேல் நிற்கும். 240 ரகத்தில் 19 முதல் 20 கிராம். 320 ரகத்தில் 14 முதல் 15 கிராம். முந்திரி 100 கிராமுக்குச் சுமார் 570 கலோரி என்று வைத்துக்கொண்டால், 180 ரகத்தில் பத்துப் பருப்பு ஏறக்குறைய 150 கலோரி. 320 ரகத்தில் 85-க்கும் குறைவு. "தினம் பத்து முந்திரி" என்று எழுதிக் கொடுத்த டாக்டர் எந்த ரகத்தை நினைத்தார் என்று யார் சொல்ல முடியும்? அதனால் கேட்பவரிடம், "இது 240 ரகம், பத்துக்கு இருபது கிராம்" என்று சொல்லிக் கொடுங்கள். இரண்டு ரகத்தைக் கலந்து விற்றாலோ, முழுப் பருப்பில் துண்டைச் சேர்த்தாலோ இந்தக் கணக்கு நிற்காது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

கலிபோர்னியா பாதாமிலும் இதே முறைதான். 23/25 என்றால் ஓர் அவுன்சுக்கு, அதாவது 28 கிராமுக்கு, 23 முதல் 25 பருப்பு. ஆகப் பத்துப் பாதாம் 11 அல்லது 12 கிராம். கலோரி எழுபதை ஒட்டி வரும்.

துண்டு போட்ட சரக்கு

இப்போது நடுத்தர ஊர்க் கடைகளிலும் குளிர்பெட்டி வந்துவிட்டது. சீஸ் துண்டு, கோழி சலாமி, சாசேஜ் எல்லாம் விற்கிறோம். "ஒரு துண்டு எவ்வளவு?" என்று கேட்டால் கண்ணளவில் சொல்லக் கூடாது. தாள் போல் மெலிதாகச் சீவிய துண்டும், விரல் கனத்தில் வெட்டியதும் அகலத்தில் ஒன்றாகவே தெரியும். எடையில் பல மடங்கு வித்தியாசம் இருக்கும்.

இதற்கு எளிய வழி வகுத்தல்தான். பாக்கெட்டில் போட்ட நிகர எடையைத் துண்டுகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். 200 கிராம் சீஸ் பாக்கெட்டில் 10 துண்டு என்றால் ஒன்று 20 கிராம். 200 கிராம் சலாமியில் 16 துண்டு இருந்தால் ஒன்று பன்னிரண்டரை கிராம். பிறகு உறையில் 100 கிராமுக்கு எத்தனை கலோரி என்று போட்டிருப்பதைக் கொண்டு பெருக்கிக் கொள்ளலாம். 100 கிராமுக்கு 300 கலோரி என்றால் 20 கிராம் துண்டுக்கு 60. ரொட்டிக்கும் பிஸ்கட்டுக்கும் இதே கணக்கு.

உறையைப் படிக்கும்போது ஓர் எச்சரிக்கை. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு லேபிள் விதிகளின்படி, 100 கிராம் அல்லது 100 மில்லிக்கான சத்து விவரமும், ஒரு முறை சாப்பிடும் அளவில் ஒரு நாள் தேவையின் எத்தனை சதவீதம் அடங்கியுள்ளது என்பதும் இருக்க வேண்டும். நாள் தேவையை 2000 கலோரி என்று வைத்துத்தான் அந்தச் சதவீதம் போடப்படுகிறது. "ஒரு முறை" என்பது 20 கிராம் என்று சிறிய எழுத்தில் இருக்கும். பாக்கெட்டோ 50 கிராம் இருக்கும். முழுப் பாக்கெட்டையும் சாப்பிட்டுவிட்டு ஒரு முறைக்கான கணக்கை எழுதிக்கொள்பவர்கள் நிறைய. இதை நாம் ஒரு வார்த்தை சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

பச்சையா, வெந்ததா?

பெரிய தவறு நேர்வது அரிசியில். பச்சரிசியோ புழுங்கலோ, வேகாத அரிசி 100 கிராமுக்குச் சுமார் 350 கலோரி. அது வெந்தால் தண்ணீர் ஏறி 250 முதல் 300 கிராம் சோறாகிறது. எனவே 100 கிராம் சோற்றில் 120 முதல் 140 கலோரிதான். சோற்றை நிறுத்துவிட்டு அரிசிக்கான எண்ணைப் பார்த்தால் இரண்டரை, மூன்று மடங்கு கூடுதலாகக் காட்டும். அரிசியை நிறுத்துவிட்டுச் சோற்றின் எண்ணைப் பார்த்தால் அதே அளவு குறைத்துக் காட்டும். பருப்பு, கொண்டைக்கடலை, பயறு வகைகளுக்கும் இது பொருந்தும். சாப்பாட்டின் அளவுக்கு ஏற்ப இன்சுலின் போட்டுக்கொள்கிறவர் வீட்டில் இந்தத் தவறு விளையாட்டுக் காரியம் அல்ல.

நாம் விற்பது வேகாத சரக்கு. பில்லில் போடுவதும் வேகாத எடை. அதனால் வாடிக்கையாளரிடம், "சமைக்கும் முன் நிறுத்து, வேகாத பொருளுக்கான எண்ணைப் பாருங்கள்" என்று சொல்வதே பாதுகாப்பு. கோதுமை மாவானால், ஒரு கிலோவில் எத்தனை சப்பாத்தி வந்தது என்று எண்ணச் சொல்லுங்கள். நாற்பது வந்தால் ஒன்றுக்கு 25 கிராம் மாவு.

நம் தராசின் எல்லை

கடையில் இருக்கும் 30 கிலோ எலக்ட்ரானிக் தராசில் ஐந்து முந்திரியை வைத்து நிறுத்துக் காட்டுவது சரியல்ல. தராசின் தகட்டில் அதிகபட்ச எடை, குறைந்தபட்ச எடை இரண்டும் பொறித்திருக்கும். ஐந்து கிராம் வித்தியாசம் காட்டும் சாதாரணக் கடைத் தராசுக்குக் குறைந்தபட்சம் 100 கிராம். அதற்குக் கீழே அது காட்டும் எண்ணை நம்பக் கூடாது. ஒரு பருப்பின் எடை வேண்டுமானால் 100 பருப்பை எண்ணி நிறுத்து நூறால் வகுப்பதே முறை. தராசுக்கு முத்திரைக் கெடு தாண்டாமல் பார்த்துக்கொள்வதும் நம் கடமை.

இன்னொன்று. "30 கிராம் பொட்டலமாகப் போட்டு வைத்தால் விற்குமே" என்று சிலருக்குத் தோன்றும். விற்கும். ஆனால் வாங்குபவர் இல்லாதபோது முன்கூட்டியே கட்டி வைத்தால் அது சட்டப்படி பொட்டலப் பொருள். 2009-ஆம் ஆண்டின் எடையளவுச் சட்டத்தின் கீழ் பெயர், முகவரி, நிகர எடை, அதிகபட்ச விலை, மாதம், ஆண்டு எல்லாம் போட்டாக வேண்டும். உணவுப் பாதுகாப்பு விதிகளும் சேரும். வாடிக்கையாளர் எதிரில் நிறுத்துக் கட்டிக் கொடுப்பது வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு அபராதம் கட்டக் கூடாது.

மாதச் சிட்டை சொல்லும் உண்மை

ஸ்பூனும் கிண்ணமும் சொல்லாத ஒன்றை நம் மாதச் சிட்டை சொல்லிவிடும். நான்கு பேர் உள்ள குடும்பம் மாதம் 5 லிட்டர் எண்ணெய் வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 4,550 கிராம். முப்பது நாளுக்கும் நான்கு பேருக்கும் வகுத்தால் ஆளுக்குத் தினம் 38 கிராம். எண்ணெயில் மட்டும் 340 கலோரி. சர்க்கரை 3 கிலோ என்றால் ஆளுக்குத் தினம் 25 கிராம், 100 கலோரி. பொரித்து மீந்த எண்ணெய், விருந்தாளி, வெளியில் சாப்பிட்டது என்று கூடக்குறைய இருக்கும். இருந்தாலும் "நாங்கள் எண்ணெயே சேர்ப்பதில்லை" என்று சொல்லும் வீட்டுக்கு இந்த வகுத்தல் உண்மையைக் காட்டும். கேட்டால் மட்டும் போட்டுக் கொடுங்கள். அடுத்தவர் எதிரில் சொல்ல வேண்டாம். ஒருவர் வீட்டுச் சிட்டை அவருக்கு மட்டுமே உரியது.

வியாபாரம் குறையாதா?

"எண்ணெயைக் குறைக்க நாமே வழி சொல்வதா?" என்று சில்லறை நண்பர்கள் நம்மிடம் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. மொத்த வியாபாரத்தில் டின் கணக்கில் எண்ணெய் விற்கும் நமக்கும் அது பொருந்தும். மாதம் ஐந்து லிட்டர் வாங்கியவர் நான்கு லிட்டர் வாங்கக்கூடும். அந்த நஷ்டம் உண்மைதான், மறைக்க வேண்டியதில்லை. அவர் அதற்கு ஈடாகப் பயறும் கடலையும் வாங்குவார் என்று உறுதி கூறவும் முடியாது.

ஆனால் நோய் முற்றிப்போன வாடிக்கையாளரால் எந்தக் கடைக்கும் லாபமில்லை. பெரிய கடைகளின் அலமாரியில் பாக்கெட் பேசும். பக்கத்தில் நின்று பதில் சொல்ல ஆள் இருக்காது. நம் கடையில் ஆள் இருக்கிறார். அவருக்கு விவரம் தெரிந்திருந்தால் அதுவே நம் பலம். அதே சமயம் எல்லை தாண்டக் கூடாது. "இந்த அரிசி சாப்பிட்டால் சர்க்கரை ஏறாது", "இந்த எண்ணெயில் கொழுப்பே இல்லை" என்பன போன்ற வார்த்தைகள் நம் வாயிலிருந்து வரக் கூடாது. எண்ணெய் எதுவானாலும் கிராமுக்கு 9 கலோரிதான்.

ஓர் அட்டையில் நம் கடையில் விற்கும் முந்திரி ரகத்துக்குப் பத்து எத்தனை கிராம், பாதாமுக்கு எத்தனை, ஒரு லிட்டர் எண்ணெய் எத்தனை கிராம், டேபிள் ஸ்பூனுக்கு எவ்வளவு, அரிசி வெந்தால் எத்தனை மடங்கு என்று ஐந்து வரி எழுதிக் கல்லாவுக்குப் பக்கத்தில் தொங்கவிடுங்கள். கடைப் பையனுக்கும் படித்துக் காட்டுங்கள். ரகம் மாறினால் அன்றே எண்ணையும் மாற்றி எழுதுங்கள்.