கிணற்றுக்குள் ஒரு செவி

ரப்பர் தோட்ட ஆலைகளில் இயந்திரங்களைப் பழுதுபார்த்தவரைத் தோட்டத்து மக்கள் 'பிட்டர்' என்று அழைத்தனர். ரப்பர் பாலைத் தகடாக அழுத்தும் உருளை இயந்திரம் சற்றே வேறு விதமாக ஒலித்தால், அனுபவமிக்க பிட்டர் உடனே அதைப் பிரித்துப் போடமாட்டார். நீண்ட திருப்புளியின் ஒரு முனையை இயந்திரத்தின்மேல் ஊன்றுவார். மறுமுனையைக் காதோடு சேர்த்துக் கேட்பார். தேய்ந்துபோன பகுதி எது என்பதை அந்த அதிர்வே அவருக்குக் காட்டிக்கொடுத்துவிடும். ஈப்போ, சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்கள் பலவற்றில் இன்று ரப்பர் மரங்கள் இல்லை. ஆனால், பிட்டர் கையாண்ட அந்த எளிய உத்தி மட்டும் மறையவில்லை. இன்று அது ஆழ்கடலுக்கு அடியிலுள்ள எண்ணெய்க் கிணறுகள்வரை சென்றிருக்கிறது.

ஈப்போவுக்குத் தெற்கே ஸ்ரீ இஸ்கண்டாரில் பெட்ரோனாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் அமைந்துள்ளது. ஒரு காலத்தில் ஈயத்துக்குப் பெயர்பெற்றிருந்த இவ்வட்டாரத்தில், 1997ஆம் ஆண்டு பல்கலைக்கழகத் தகுதி பெற்ற இந்நிறுவனம், பெட்ரோலியப் பொறியியலையும் கற்பிக்கிறது. இங்குப் பயிலும் மாணவர்கள் ஆராயும் கிணறுகள் கண்ணுக்கு எட்டும் தொலைவில் இல்லை. அவை பெரும்பாலும் திரெங்கானு, சபா, சரவாக் கடற்பகுதிகளில் உள்ளன.

நம் நாட்டின் முதல் எண்ணெய்க் கிணறு 1910ஆம் ஆண்டு சரவாக்கின் மீரி நகரில், ஒரு குன்றின்மேல் தோண்டப்பட்டது. இன்றோ, சபா கடற்கரைக்கு அப்பாலுள்ள கிக்கே எண்ணெய் வயலில் கடலின் ஆழமே சுமார் 1,300 மீட்டர். கிணறு அதற்கும் கீழே பாறைகளைத் துளைத்துச் செல்கிறது. அதனுள் எஃகுக் குழாய்கள், வால்வுகள், சில இடங்களில் மின்சாரப் பம்புகள் எனப் பல கருவிகள் இயங்குகின்றன. அவற்றுள் ஒன்று பழுதடைந்தால் எப்படிக் கண்டறிவது? மனிதர் எவரும் உள்ளே இறங்க இயலாது. கம்பியில் கருவிகளைக் கட்டி இறக்கிச் சோதிக்கலாம். ஆனால், அதற்குச் செலவு மிகுதி. பல வேளைகளில் உற்பத்தியையும் நிறுத்தவேண்டியிருக்கும். மேலும், கருவி உள்ளே இருக்கும் சில மணி நேரத்தில் நடப்பதை மட்டுமே அது காட்டும்.

இச்சிக்கலுக்குத் தீர்வாக வந்ததே ஒளியிழையால் ஒலியை உணரும் முறை. தலைமுடியளவு மெல்லிய கண்ணாடி இழை ஒன்றைப் பாதுகாப்பான உறைக்குள் வைத்து, கிணற்றுக் குழாயோடு மேலிருந்து கீழ்வரை பொருத்துகின்றனர். மேற்பரப்பிலுள்ள கருவி அந்த இழைக்குள் ஒரு விநாடிக்கு ஆயிரக்கணக்கான லேசர் துடிப்புகளை அனுப்புகிறது. கண்ணாடியில் இயல்பாகவே இருக்கும் மிக நுண்ணிய சீரின்மைகள் அவ்வொளியில் சிறு பகுதியைச் சிதறடித்துத் திருப்பி அனுப்புகின்றன. இது ரேலி சிதறல் எனப்படும். வானம் நீலமாகத் தெரிவதற்கும் இவ்வகைச் சிதறலே காரணமாகும்.

கிணற்றின் ஓரிடத்தில் ஒலி எழும்போது அங்குள்ள இழை மிக நுண்ணிய அளவில் நீண்டு சுருங்குகிறது. அதனால், அவ்விடத்திலிருந்து திரும்பி வரும் ஒளி மாறுபடுகிறது. சரி, அந்த இடம் எது என்பதை எப்படி அறிவது? கண்ணாடி இழைக்குள் ஒளி ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. 1,000 மீட்டர் ஆழம் சென்று திரும்ப, ஒரு விநாடியை ஒரு லட்சம் கூறாக்கினால் அதில் ஒரு கூறு நேரமே பிடிக்கும். 3,000 மீட்டருக்கு மூன்று கூறு. ஒளி திரும்பி வரும் நேரத்தைக் கணக்கிட்டே ஒலி எழுந்த ஆழத்தை அறிகின்றனர். இவ்வாறு, ஒரே இழை ஆயிரக்கணக்கான காதுகளுக்கு நிகராகிறது. 2009ஆம் ஆண்டு கனடாவில் ஓர் எரிவாயுக் கிணற்றில் இம்முறை சோதிக்கப்பட்டது.

கிணற்றிலுள்ள ஒவ்வொரு கோளாறுக்கும் தனி ஒலி உண்டு. குழாயில் கசிவு இருந்தால் 'ஸ்ஸ்' என்னும் சீற்றம் கேட்கும். எண்ணெயோடு மணல் கலந்து வந்தால், அது குழாயில் மோதிப் படபடவென ஒலிக்கும். எண்ணெயை மேலே தூக்க எரிவாயு செலுத்தும் வால்வு திறந்திருந்தால் இரைச்சல் எழும். அங்கு அமைதி நிலவினால் அதுவே ஓர் எச்சரிக்கையாகும்.

ஒலியோடு வெப்பத்தையும் அறிந்தால் முடிவு இன்னும் உறுதிப்படும். திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. இராமன் 1928ஆம் ஆண்டு கண்டறிந்த ஒளிச்சிதறல் அவருக்கு 1930இல் நோபல் பரிசைப் பெற்றுத் தந்தது. அதே இராமன் சிதறலைக் கொண்டு இன்று ஒளியிழையின் நெடுகிலும் வெப்பநிலையை அளக்கின்றனர். சிறு துளை வழியே பீறிட்டு விரியும் எரிவாயு பொதுவாகக் குளிரும். ஆகவே, ஒரே ஆழத்தில் சீற்றமும் குளிர்ச்சியும் சேர்ந்து தென்பட்டால், அங்கே எரிவாயு கசிகிறது என்று பொறியாளர்கள் கருத இடமுண்டு.

எனினும், கருவி இருந்தால் மட்டும் போதாது. 2010ஆம் ஆண்டு மெக்சிகோ வளைகுடாவில் 'டீப்வாட்டர் ஹொரைசன்' எண்ணெய் மேடை வெடித்து 11 தொழிலாளர்கள் உயிரிழந்தனர். கிணற்றில் நடத்திய அழுத்தச் சோதனையின் முடிவைத் தவறாகப் புரிந்துகொண்டதும் அவ்விபத்துக்கான காரணங்களுள் ஒன்றாகும். கிணறு எச்சரித்தது, அந்த எச்சரிக்கைதான் சரியாக உணரப்படவில்லை. ஒலியிழையின் நிலையும் இதுவே. அது ஒரு நாளில் டெராபைட் கணக்கில் தரவுகளைக் குவிக்கிறது. அவற்றைப் பிரித்தறியக் கணினி துணைபுரியும். ஆயினும், எது கசிவின் சீற்றம், எது எண்ணெய் ஓடும் வழக்கமான இரைச்சல் என்று முடிவு செய்யத் தேர்ந்த அறிவு வேண்டும்.

தோட்டத்து பிட்டர் இயந்திரம் நன்றாக ஓடிய நாள்களிலும் அதன் ஓசையைக் கேட்டுப் பழகியிருந்தார். அதனால்தான், ஓசை மாறிய நாளில் அவர் உடனே அறிந்துகொண்டார். திருப்புளியின் இடத்தில் இன்று கண்ணாடி இழை வந்திருக்கிறது. ஆனால், பொறுமையாகக் கேட்டுப் பழகவேண்டிய கடமை மட்டும் இன்றும் மனிதனுடையதே.