ஒரே தரவு, பல வடிவங்கள்

டொராண்டோ மாநகராட்சி 2009ஆம் ஆண்டில் தொடங்கிய திறந்த தரவுத் தளத்தில், அட்டவணைத் தரவு பலவற்றை, விரிதாளில் திறக்கக்கூடிய சிஎஸ்வி, செயலிகள் எளிதில் படிக்கும் ஜேசான், ஒவ்வொரு தகவலையும் பெயர்க்குறிகளுக்குள் அடைக்கும் எக்ஸ்எம்எல் ஆகிய வடிவங்களுள் வேண்டியதில் இன்று பெறலாம். இத்தகைய தேர்வைக் கோரிக்கையின் தலைப்பிலேயே தெரிவிக்கவும் இணைய நெறிமுறையான எச்டிடிபி வழிசெய்கிறது: கேட்கும் கணினி தனக்கு ஏற்ற வடிவத்தை ‘அக்செப்ட்’ என்னும் வரியில் குறிப்பிட, வழங்கி எனப்படும் சர்வர் தான் அனுப்பும் வடிவத்தைக் ‘கன்டென்ட்-டைப்’ என்னும் வரியில் அறிவிக்கிறது. வடிவத்தை முகவரியிலேயே எழுதிவிடும் வழக்கமும் உண்டு. நேர்த்தி குறைவெனினும் சாதாரணப் பயனருக்கு அதுவே எளிது. கேட்ட வடிவம் தன்னிடம் இல்லையெனில் 406 என்றும், தனக்கு அனுப்பப்பட்ட தரவின் வடிவத்தை ஏற்க இயலாதெனில் 415 என்றும் வழங்கி எண்ணாலேயே பதிலளிக்கலாம்.