மிதக்குமா, ஈரக் கைக்கு அடங்குமா? கையடக்க ஜி.பி.எஸ். வாங்கும் பழவேற்காட்டு மீனவர்களுக்கு

மார்கழிப் பனியில் கரை திரும்பும் ஃபைபர் படகுக்குப் பழவேற்காட்டு முகத்துவாரம் சட்டென்று கண்ணில் படாது. ஒரு பக்கம் மணல் திட்டு, மறுபக்கம் உடையும் அலை, நடுவே குறுகலான வழி. கலங்கரை விளக்கமும் பனிக்குள் மறைந்துபோன அந்த நேரத்தில், உள்ளங்கையில் அடங்கும் ஜி.பி.எஸ். வீட்டுக்கு வழி சொல்லும். ஆனால் கடையில் இருக்கும் எல்லாக் கருவியும் இந்தத் தொழிலுக்கு ஆகாது.

பனைமரமும் செயற்கைக்கோளும்

பழவேற்காடு ஏரிக்குள் மீன் பிடிப்பவருக்கு ஜி.பி.எஸ். அவ்வளவாகத் தேவைப்படாது. அங்கே சராசரி ஆழம் சுமார் ஒரு மீட்டர்தான். யாருடைய முறை, எந்த இடத்தில் வலை என்பதைப் ‘பாடு’ வழக்கம் தலைமுறைகளாக ஒழுங்குபடுத்தி வருகிறது.

கடலில் அப்படியில்லை. மீன் கூடும் பாரைக் கண்டுபிடிக்கப் பெரியவர்கள் கரையைப் பார்த்தார்கள். பனைமரமும் அதன் பின்னால் தெரியும் கோபுரமும் ஒரே கோட்டில் வர வேண்டும். இன்னொரு திசையில் வேறு இரண்டு அடையாளங்கள் சேர வேண்டும். இரண்டு கோடும் வெட்டும் இடத்தில் பார் இருக்கும். ஜி.பி.எஸ். செய்வதும் கிட்டத்தட்ட இதே வேலைதான். சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களில் குறைந்தது நான்கின் சிக்னல் கிடைத்தால், அவை வந்து சேர்ந்த நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிட்டு இடத்தைச் சொல்லிவிடும். பொதுமக்களுக்கான சிக்னலில் அமெரிக்கா வேண்டுமென்றே சேர்த்து வந்த பிழையை 2000 மே மாதம் நீக்கியது. அதன்பின் திறந்த வானத்தின்கீழ் சில மீட்டர் துல்லியம் கிடைக்கிறது.

இதே வேலையைச் செய்யும் இந்தியாவின் ‘நாவிக்’ அமைப்புக்கான முதல் செயற்கைக்கோள் 2013 ஜூலை 1 இரவு ஏறியது, ஏரிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்துதான். பழைய கருவிகள் பலவற்றுக்கு அந்தச் சிக்னல் எட்டாது, வாங்கும்போது கேட்டுக்கொள்ளுங்கள்.

செல்போன் போதாதா?

டவர் இல்லாவிட்டாலும் செல்போனின் ஜி.பி.எஸ். வேலை செய்யும், வரைபடத்தை முன்பே இறக்கி வைத்திருக்க வேண்டும். ஆனால் உப்புத் தண்ணீர் சொட்டும் விரலுக்குத் தொடுதிரை ஒழுங்காகக் கேட்காது. கடலில் விழுந்தால் மூழ்கும். கூடுதல் துணையாக வைத்துக்கொள்ளலாம்; அதை மட்டும் நம்பிப் போகக்கூடாது.

எதைப் பார்த்து வாங்குவது?

தண்ணீர் புகாது என்பதும் மிதக்கும் என்பதும் வேறு வேறு. ‘ஐ.பி.எக்ஸ். 7’ என்றிருந்தால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரைமணி நேரம் தாங்கும், அவ்வளவே. கார்மின் ஜி.பி.எஸ்.மேப் 78 போன்ற கடல் மாடல்கள் மிதக்கும். அதே நிறுவனத்தின் ஈட்ரெக்ஸ் 10 தண்ணீரைத் தாங்கும், ஆனால் மூழ்கிவிடும்.

பெட்டிக்கடையில் கிடைக்கும் பென்சில் பேட்டரியில் ஓடும் கருவி நல்லது. மாற்று ஜோடியை நனையாத டப்பாவில் எடுத்துச் செல்லலாம். தொடுதிரையைவிடப் பட்டன் மேல். திரையைக் கடைக்கு வெளியே, உச்சி வெயிலில் பிடித்துப் பாருங்கள். ஆள் கடலில் விழுந்தால் ஒரே அழுத்தில் அந்த இடத்தைப் பதியும் ‘எம்.ஓ.பி.’ வசதியும், வந்த வழியே திரும்பக் காட்டும் வசதியும் கட்டாயம் வேண்டும்.

ஒரு புள்ளி, 600 மீட்டர்

ஹைதராபாதின் இன்காய்ஸ் நிறுவனம் மீன் கிடைக்க வாய்ப்புள்ள இடங்களை அட்சரேகை, தீர்க்கரேகையோடு அறிவிக்கிறது. பக்கத்துப் படகுக்காரரும் வயர்லெஸ்ஸில் பாயிண்ட் சொல்வார். அந்த எண் எந்த வடிவத்தில் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். 13 டிகிரி 25.50 நிமிடம் என்றால் இருபத்தைந்தரை நிமிடம். அதையே 25 நிமிடம் 50 விநாடி என்று பதிந்தால் 20 விநாடி கூடிவிடும். கடலில் அது 600 மீட்டருக்கு மேல். வலை பாருக்கு வெளியே விழும். திரும்பும் நேரத்தில் என்றால், முகத்துவாரத்துக்குப் பதில் படகு மணல் திட்டில் போய் ஏறும்.

கருவி செய்யாதது

சாதாரண ஜி.பி.எஸ். உங்களுக்கு இடத்தைச் சொல்லும். உங்கள் இடத்தைக் கரைக்குச் சொல்லாது. ஆபத்து நேரத்துக்கு வயர்லெஸ்ஸும் உயிர்காப்புக் கவசமும் தனியாக வேண்டும். கடலோரக் காவல்படையின் அவசர எண் 1554. செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவிகளை உரிமம் இல்லாமல் வைத்திருப்பது இந்தியாவில் குற்றம். வெளிநாட்டிலிருந்து உறவினர் அன்போடு வாங்கி அனுப்பினாலும் அப்படித்தான்.

மணல் நகர்வதும் இந்தக் கருவிக்குத் தெரியாது. போன மாதம் முகத்துவாரத்தில் போட்ட பாயிண்ட் இன்று திட்டின் மேல் இருக்கலாம். வழி மாறும்போதெல்லாம், நல்ல வெளிச்சத்தில் வெளியே போகையில் புதிதாகப் பதிந்துகொள்ளுங்கள்.

கடைசியாக, நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். கருவி கடலோடு போனால் அதில் பதிந்த பார்களும் போய்விடும். தாத்தா காட்டிய பனைமரம், கோபுரம், அதற்கு நேரே கருவி காட்டும் எண், மூன்றையும் ஒரே வரியில் எழுதி வீட்டில் வையுங்கள். கருவி பழுதான அன்று மரம் வழி காட்டும். மரம் விழுந்துவிட்டால் எண் இருக்கும்.