ஓடாதிருக்கும் அப்பியாசம்

சென்னைவாசிகளில் பெரியபாளையத்தை அறியாதவர் அதிகம் பேர் இருக்கமாட்டார்கள். ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில், ஆரணி ஆற்றங்கரையில் கோயில் கொண்டிருக்கும் பவானி அம்மனைத் தரிசிப்பதற்கு ஜனங்கள் திரள் திரளாகப் புறப்பட்டுவிடுவார்கள். மஞ்சள் ஆடையும், வேப்பிலையும், பொங்கல் பானையுமாக ஊரே நிறைந்து வழியும். முற்காலத்தில் கட்டுச்சோற்று மூட்டையுடன் மாட்டு வண்டியில் ஏறி, இரவெல்லாம் பிரயாணம் செய்து போவார்கள். இக்காலத்தில் பஸ் இருக்கிறது. ஆனாலும் நேர்ந்துகொண்டு கால்நடையாகவே போகிறவர்கள் இன்றும் உண்டு. நகரின் மத்தியிலிருந்து அந்த ஊர் 40 கிலோமீட்டருக்குச் சற்று மேலே இருக்கும். எந்த மூலையிலிருந்து கணக்கிடுகிறோம் என்பதைப் பொறுத்து ஒன்றிரண்டு கூடும், குறையும்.

மாரத்தான் ஓட்டத்தின் தூரம் 42 கிலோமீட்டர் 195 மீட்டர். இவ்விரண்டும் ஏறக்குறைய ஒன்றே என்பது நமக்கு வெகு காலம் தோன்றவே இல்லை. அதை எடுத்துச் சொன்னவன் நம் தமக்கையின் மகன். பெரியபாளையத்துக்கு அடுத்த கிராமத்தில் வீடு. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் முறை மாற்றி வேலை. "மாமா, பாட்டி வண்டியில் போன தூரத்தை நான் ஓடியே கடக்கப்போகிறேன்" என்றான். வண்டியை இழுத்த மாடுகளுக்கு மறுநாள் ஓய்வு கொடுத்தார்கள் என்பதை மட்டும் அவன் அப்போது மறந்துவிட்டான்.

இந்த ஓட்டத்தின் வரலாறு சுருக்கமானது. 1896-ஆம் வருஷம் ஆதென்ஸ் நகரில் நவீன ஒலிம்பிக் பந்தயங்கள் ஆரம்பமானபோது, ஸ்பிரிடன் லூயிஸ் என்ற கிரேக்கர் முதல் மாரத்தானில் ஜயித்தார். அன்று தூரம் சுமார் 40 கிலோமீட்டர்தான். 1908-இல் லண்டனில் ஓடிய 42.195 கிலோமீட்டரே 1921-இல் நிரந்தரமான அளவாயிற்று. நம் தேசமும் இதில் பின்தங்கி நின்றுவிடவில்லை. 1920-ஆம் வருஷத்து ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் பெல்காமைச் சேர்ந்த படெப்பா சௌகுலே 2 மணி 50 நிமிஷத்தில் ஓடி 19-ஆவது ஸ்தானம் பெற்றார். 1978-இல் ஜலந்தரில் சிவநாத் சிங் 2 மணி 12 நிமிஷத்தில் ஓடி முடித்தார். அந்த இந்தியச் சாதனை 40 வருஷங்களுக்கு மேல் அசையாமல் நின்றது. வெறுங்காலுடன் ஓடிப் பழகிய மனிதர் அவர்!

ஸ்திரீகளுக்கு இந்த வாசல் எளிதில் திறக்கவில்லை. 1967-இல் பாஸ்டன் மாரத்தானில் காத்தரின் சுவிட்சர் ஓடிக்கொண்டிருக்கையில், அதிகாரி ஒருவர் பாய்ந்து அவரைப் பிடித்து வெளியேற்றப் பார்த்தார். ஒலிம்பிக்கில் ஸ்திரீகளின் மாரத்தான் 1984-இல்தான் சேர்க்கப்பட்டது. இன்று சென்னையில் ஜனவரி முதல் வாரத்தில், மார்கழிப் பனியில், கோலம் போடும் நேரத்துக்கும் முன்பே நடைபெறும் மாரத்தானில் குடும்ப ஸ்திரீகள் பலர் ஓடுகிறார்கள்.

நம் மருமகனுடைய விஷயத்துக்கு வருவோம். உண்மையில் அவனுக்கு இது இரண்டாவது பிரயத்தனம். முந்தின வருஷமும் பணம் கட்டிப் பெயர் கொடுத்திருந்தான். மாதக்கணக்காகப் பழகியும் இருந்தான். பந்தயத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது, 'நம்மால் முழுத் தூரம் முடியுமா?' என்ற சந்தேகம் அவனைப் பிடித்துக்கொண்டது. சந்தேகம் தீர வேண்டுமென்று ஒருநாள் தனியாகப் புறப்பட்டு 38 கிலோமீட்டர் ஓடினான். சந்தேகம் தீர்ந்தது, கெண்டைக்கால் தசையும் பிடித்துக்கொண்டது. மற்றவர்கள் சென்னையில் ஓடிய அந்த ஞாயிற்றுக்கிழமை, அவன் திண்ணையில் உட்கார்ந்து காலுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தான். கட்டிய பணம் போயிற்று. இரண்டு நாள் சம்பளமும் போயிற்று. அவற்றைக் காட்டிலும், தொழிற்சாலைப் பஸ்ஸில் கூட வருகிறவர்களின் பரிகாசந்தான் அவனுக்குப் பொறுக்கவில்லை. "ஓட்டம் சோறு போடுமா?" என்று நம் தமக்கை கேட்ட கேள்விக்கும் அவனிடம் பதில் இல்லை.

ஆகவே இவ்வருஷம் எல்லாம் முறைப்படி நடக்க வேண்டும் என்று தீர்மானித்தான். ஆடி முடிந்து ஆவணி பிறந்த வாரத்தில் ஆரம்பம். பந்தயத்துக்குச் சரியாக 20 வாரம். முதலில் வைத்தியரிடம் போய் இருதயத்தையும் இரத்த அழுத்தத்தையும் பரிசோதித்துக்கொண்டான். வாரத்தில் நான்கு நாள் ஓட்டம். அவற்றில் மூன்று நாள் சிறிய தூரம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நெடுந்தூரம். அந்த நெடுந்தூரம் 12 கிலோமீட்டரில் தொடங்கிச் சிறுகச் சிறுக ஏறி 32-இல் முடியும். நான்காவது வாரந்தோறும் சற்றுக் குறைத்துக்கொள்வான். வேகம் எவ்வளவு என்றால், பக்கத்தில் ஓடுகிறவரிடம் மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டு போகும்படியான வேகம். முதன்முறையாக ஓடுகிறவர்கள் செய்யும் பெரிய பிழை, பழகும் நாட்களில் வேகமாக ஓடுவதுதான்.

இரவு முறை வேலை முடிந்த நாட்களில் அவன் ஓடுவதில்லை, தூங்குவான். மற்ற நாட்களில் விடியுமுன் நாலரை மணிக்கு எழுந்து, லாரிகள் பெருகுவதற்குள் கன்னிகைப்பேர் பக்கமோ ஊத்துக்கோட்டை பக்கமோ போய்த் திரும்பிவிடுவான். நம் நாட்டு வெயிலில் இது அவசியம். 1904-ஆம் வருஷம் அமெரிக்காவில் செயிண்ட் லூயிஸ் ஒலிம்பிக் மாரத்தானைக் கடும் வெயிலிலும் புழுதியிலும் நடத்தினார்கள். வழியில் தண்ணீரும் போதவில்லை. 32 பேர் புறப்பட்டு 14 பேர்தான் ஓடி முடித்தார்கள். அதற்காகக் குடம் குடமாகக் குடிப்பதும் தவறு. தண்ணீர் அளவுக்கு மிஞ்சினால் இரத்தத்திலுள்ள உப்பு நீர்த்துப்போய் உயிருக்கே அபாயம் உண்டாகும். தாகத்துக்கு ஏற்றபடி, உப்பும் சர்க்கரையும் கலந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்பதே முறை.

ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. பிச்சாட்டூர் அணையைத் திறந்துவிட்டால் ஆரணி ஆற்றில் வெள்ளம் புரளும், தரைப்பாலங்கள் மூழ்கிவிடும். அப்படி இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் அவனுக்கு வீணாயின. இதிலிருந்துதான் சங்கடம் ஆரம்பித்தது.

பந்தயத்துக்குச் சரியாக மூன்று வாரம் முன்னால் 32 கிலோமீட்டர் ஓடி முடித்தான். அதற்குப் பிறகு குறைத்துக்கொண்டே வர வேண்டும் என்பது ஏற்பாடு. உச்ச வாரத்தில் மொத்தம் 55 கிலோமீட்டர். அடுத்த வாரம் 40. அதற்கடுத்த வாரம் 30. கடைசி வாரத்தில் பந்தயம் நீங்கலாக 15 மட்டும். ஆனால் 15 நாள் இருக்கும்போது இரவில் நம்மைத் தொலைபேசியில் அழைத்தான். "மாமா, மழையில் போன இரண்டு ஞாயிறுகளும் கடன் பாக்கியாக நிற்கின்றன. நாளைக்கு 19 கிலோமீட்டர் என்று எழுதியிருக்கிறது. 35 ஓடி விடட்டுமா?" என்றான். முந்தின வருஷத்துச் சந்தேகம் வேறு வேஷம் போட்டுக்கொண்டு வந்துவிட்டது என்பது நமக்குத் தெரிந்தது. "நாம் வருகிறோம், அதுவரையில் காலைத் தரையில் வைக்காதே" என்று சொல்லிவிட்டு, முதல் பஸ்ஸிலேயே பெரியபாளையத்துக்குப் புறப்பட்டோம்.

பஸ்ஸில் போகும்போது அவனுக்குச் சொல்வதற்காக ஒரு கதையை ஞாபகப்படுத்திக்கொண்டோம். செக்கோஸ்லோவாகியா தேசத்து எமில் ஸாடோபெக்கைவிடக் கடுமையாகப் பயிற்சி செய்தவர் அவர் காலத்தில் இல்லை. 1950-இல் பிரஸ்ஸல்ஸில் ஐரோப்பியப் பந்தயங்கள் நெருங்கிய சமயம், ஆகாரம் விஷமாகி ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். ஓட முடியாமல் கட்டிலில் கிடந்தார். பந்தயத்துக்குச் சற்று முன்னர்தான் எழுந்தார். 'மனிதர் தீர்ந்தார்' என்றுதான் எவரும் நினைத்திருப்பார்கள். அவரோ 10,000 மீட்டர் ஓட்டத்தில் இரண்டாவதாக வந்தவரை ஒரு நிமிஷத்துக்கு மேல் முந்தி ஜயித்தார். 5,000 மீட்டரிலும் ஜயித்தார். வியாதி அவருக்கு வேண்டாத ஓய்வைக் கொடுத்தது. ஓய்வு அவருக்கு வேண்டிய வெற்றியைக் கொடுத்தது. அந்த ஸாடோபெக்தான் 1952-இல் ஹெல்ஸிங்கியில், தம் வாழ்நாளின் முதல் மாரத்தானை ஓடி அதிலேயே தங்கப் பதக்கம் பெற்றவர்.

சாஸ்திரமும் இதையே சொல்கிறது. நெடுந்தூரம் ஓடும்போது தசைகளின் இழைகள் நுண்ணிதாகக் கிழிகின்றன. பலம் சேருவது ஓடும்போதன்று; பிறகு ஓய்ந்திருந்து அந்த இழைகள் கூடும்போதுதான். இன்று ஓடியதன் பலன் கைக்கு வரப் பத்து நாளுக்கு மேல் ஆகும். களைப்போ இன்றைக்கே வந்துவிடும். ஆகையால் கடைசி இரண்டு வாரத்தில் 'பாக்கி' அடைப்பவன் களைப்பை மட்டுமே கடனாக வாங்குகிறான். பல ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2007-இல் வெளியிட்ட ஒரு கட்டுரை, பந்தயத்துக்கு முந்தின இரண்டு வாரத்தில் ஓடும் தூரத்தை 41 முதல் 60 சதவிகிதம் வரை குறைப்பது மிகுந்த நன்மை தருகிறது என்று கண்டது. ஆனால் ஒன்று: தூரத்தைத்தான் குறைக்க வேண்டும், வழக்கமான வேகத்தையும், ஓடும் நாட்களையும் அறவே விட்டுவிடக் கூடாது.

இவ்வளவு ஆயுதங்களுடன் நாம் போய்ச் சேர்ந்தபோது, மருமகன் வயல் வரப்பில் உம்மென்று நின்றுகொண்டிருந்தான். நம் அத்தான் மண்வெட்டியால் மடையை வெட்டி வயல் தண்ணீரை வடித்துக்கொண்டிருந்தார். சம்பாக் கதிர்கள் பழுத்துத் தலை சாய்ந்திருந்தன. நாம் ஸாடோபெக்கை ஆரம்பிப்பதற்குள் அத்தான் நிமிர்ந்தார்.

"ஆவணியில் இவன் ஓட ஆரம்பித்தான், நானும் ஆவணியில்தான் நாற்று விட்டேன். நாலு மாதம் தண்ணீர் தண்ணீர் என்று அலைந்தேன். இப்போது நானே வடிக்கிறேன். இனிமேல் பாய்ச்சினால் பயிர் சாயும், நெல் கெடும். மழையிலே இரண்டு வாரம் பயிர் மூழ்கிக் கிடந்ததற்காக இன்றைக்கு இரண்டு மடங்கு உரம் போடுவேனா? விளைந்தது விளைந்துவிட்டது. காயவிடு" என்றார்.

மருமகன் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலையில் 19 கிலோமீட்டர் ஓடித் திரும்பிவிட்டான் என்று தகவல் வந்தது. ஸாடோபெக் கதையைச் சொல்ல நமக்கு இடமே கிடைக்கவில்லை. ஆகையால்தான் இங்கே எழுதி ஆற்றிக்கொள்கிறோம்.

ஓடாதிருப்பது ஓடுவதைவிடக் கடினம் என்பதை அந்த இரண்டு வாரத்தில் வீட்டார் எல்லோரும் கண்டார்கள். ஒருநாள் முழங்காலில் வலி என்பான். மறுநாள் அது தோளுக்குப் போய்விடும். தும்மினால் ஜுரம் என்று பயப்படுவான். அற்ப விஷயத்துக்கெல்லாம் தாயாரிடம் எரிந்து விழுவான். பழகிய தேகம் சும்மா இருக்கும்போது இவ்விதப் பிரமைகள் வருவது சகஜம். பந்தயம் தொடங்கியதும் மறைந்துவிடும்.

கடைசி மூன்று நாளில் ஆகாரத்தைப் பற்றித் தகராறு வந்தது. ஓட்டத்தில் முதலில் செலவாகும் எரிபொருள், தசையிலும் ஈரலிலும் சேர்த்துவைத்திருக்கும் மாவுச்சத்து. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்குக் கிலோமீட்டருக்குச் சுமார் 60 கலோரி வீதம், முழு ஓட்டத்துக்கு 2,500 கலோரி செலவாகும். சேமிப்போ சுமார் 2,000 கலோரிதான். அதனால்தான் 30 கிலோமீட்டருக்கு மேல் பலருக்குக் கால் திடீரென்று கல்லாகிவிடுகிறது. இதற்குப் பரிகாரம், முன்னதாகவே சேமிப்பை நிரப்பிக்கொள்வதும், வழியில் வாழைப்பழம் போன்றவற்றைச் சிறிது சிறிதாக உண்பதும். எடை ஒரு கிலோ கூடினால் பயப்படக் கூடாது; மாவுச்சத்து தன்னுடன் தண்ணீரையும் சேர்த்து வைத்துக்கொள்கிறது. "இட்லியும் சோறும் நிறையப் போடச் சொல்கிறார்கள், அம்மா" என்று அவன் சொன்னபோது, நம் தமக்கைக்கு முதன்முறையாக மாரத்தானின் மேல் மரியாதை பிறந்தது. புதுச் செருப்பு, புது ஆகாரம், புதுச் சட்டை ஆகிய எதுவும் பந்தய நாளில் கூடாது என்பதையும் அவன் கண்டிப்பாகக் கடைப்பிடித்தான்.

பந்தயத்தன்று 30-ஆவது கிலோமீட்டருக்கு அப்பால் நாம் நின்றிருந்தோம். நம்மைக் கடந்துபோனபோது அவன் முகத்தில் களை இல்லை; ஆனால் கால் நிற்கவில்லை. 4 மணி 47 நிமிஷத்தில் ஓடி முடித்தான். சிவநாத் சிங் இரண்டு முறை ஓடியிருக்கக்கூடிய நேரம்! அதனால் என்ன? முந்தின வருஷம் திண்ணையில் உட்கார்ந்திருந்தவன், இந்த வருஷம் எல்லைக்கோட்டைத் தாண்டினான். மாலையில் அதே தூரத்தைப் பஸ்ஸில் தூங்கிக்கொண்டே கடந்தான். பெரியபாளையத்தில் பஸ் படியிலிருந்து இறங்குவதற்கு நாலு பேர் கைகொடுக்க வேண்டியிருந்தது. வாசலில் ஆரத்தி காத்திருந்தது.

நேயர்களே! எல்லோரும் 42 கிலோமீட்டர் ஓட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் பரீட்சைக்கு முதல் நாள் இரவு குழந்தையைத் தூங்கவிடாமல் எழுப்பிப் படிக்கச் சொல்லும் பெற்றோர்கள் நம்மிடையே அநேகர் இருக்கிறார்கள். உழைக்க வேண்டிய மாதங்களில் உழைத்தாயிற்றென்றால், கடைசி நாட்களில் உழைக்காமலிருப்பதற்கும் தைரியம் வேண்டும். அந்தத் தைரியத்துக்கு ஆதாரம் முன்னே செய்த உழைப்புத்தான். அது இல்லாதவனுக்கு ஓய்வு வெறும் சோம்பல்.

"அடுத்த வருஷமும் உண்டா?" என்று மருமகனைக் கேட்டோம். "முதலில் அப்பாவுக்கு அறுப்பு முடியட்டும், மாமா" என்றான்.