பல்கலைக்கழக ஆட்சியில் விதிகளின் படிநிலை

முன்னுரை

பல்கலைக்கழகத்தில் பயில்வோரும் பணிபுரிவோரும் விதிகளுக்கு உட்பட்டே இயங்குகின்றனர். எனினும், ஒரு விதியை இயற்றியவர் யார், அதனை மாற்றும் அதிகாரம் யாருக்கு உண்டு என்னும் வினாக்கள் பெரும்பாலும் எழுவதில்லை. பலவகை ஆணைகளும் ‘விதி’ என்னும் ஒரே சொல்லால் சுட்டப்படுவது இதற்கு ஒரு காரணமாகும். சென்னைப் பல்கலைக்கழகச் சட்டம் (1923) வகுத்த முறையைச் சான்றாகக் கொண்டு, விதிகளின் படிநிலையை இக்கட்டுரை விளக்குகிறது.

படிநிலை

சட்டமன்றம் இயற்றிய சட்டமே பல்கலைக்கழகத்தின் அடித்தளம். அதன்கீழ் மூவகை விதிகள் அமைகின்றன. செனட் எனப்படும் பேரவை இயற்றுவது ஸ்டாட்யூட். சிண்டிகேட் எனப்படும் ஆட்சிக்குழு இயற்றுவது ஆர்டினன்ஸ். கல்விப்பேரவை இயற்றுவது ரெகுலேஷன். இவை இங்கு முறையே நிலைச்சட்டம், ஆணைவிதி, ஒழுங்குவிதி எனக் குறிக்கப்படுகின்றன. இவற்றுள் எதுவும் மூலச் சட்டத்திற்கு முரணாக அமைதல் ஆகாது.

கலைச்சொல் மயக்கம்

ஆர்டினன்ஸ் என்பதனை ‘அவசரச் சட்டம்’ எனப் பெயர்ப்பது இவ்விடத்தில் பொருந்தாது. அரசமைப்புச் சட்டத்தின் 213ஆம் உறுப்பின்படி ஆளுநர் பிறப்பிக்கும் அவசரச் சட்டம், சட்டமன்றம் மீண்டும் கூடியதிலிருந்து ஆறு வாரங்களில் காலாவதியாகும். பல்கலைக்கழக ஆணைவிதியோ திருத்தப்படும்வரை நிலைத்திருப்பது. சொல் ஒன்றாயினும் பொருள் வேறு.

ஆய்வாளர்க்குரிய சான்று

முனைவர் பட்ட ஆய்வேட்டை அளிக்குமுன், ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளியிடுதலையும் கருத்தரங்குகளில் இரு கட்டுரைகள் படித்தலையும் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் கட்டாயமாக்கின. 2022ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் அக்கட்டாயத்தை நீக்கின. இன்றும் ஓர் ஆய்வாளரிடம் அது கோரப்படுமாயின், அக்கோரிக்கையின் மூலத்தை அறிதல் வேண்டும். அது அப்பல்கலைக்கழகம் முறைப்படி இயற்றிய விதியாயின், ஆய்வாளர் அதனைப் பின்பற்றுதல் வேண்டும். மாற்றம் வேண்டுவோர் உரிய அவையை அணுகலாம். துறையில் நிலவும் வழக்கம் மட்டுமே எனில், அதற்கு விதியின் வலிமை இல்லை. இவ்வேறுபாட்டை அறியாமையால் ஆய்வேடு அளிக்கும் காலம் நீள நேரிடும்.

முடிவுரை

ஒரு சுற்றறிக்கையைப் பெறுவோர், அது எந்த அவையின் தீர்மானத்தைச் சார்ந்தது, எந்த விதியைச் சுட்டுகிறது, எந்நாள் முதல் செல்லும் என்னும் மூன்றையும் நோக்குதல் நன்று. பாடவேறுபாட்டை ஆராய மூலச்சுவடியை நாடும் தமிழாய்வாளர்க்கு, விதியின் மூலத்தை நாடுதலும் இயல்பான பயிற்சியே ஆகும்.